சித்த மருத்துவ நூல்களைக் குடும்பமாக வாசிக்கத் தொடங்குவோருக்கு

இந்த வழிகாட்டி, சித்த மருத்துவத்தை நூல் வழியாக அறிந்திராத, ஆனால் வீட்டில் சுக்கும் ஓமமும் வசம்பும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற குடும்பங்களுக்காக எழுதப்படுகிறது. வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஞாயிறு மாலைதோறும் ஒரு மணி நேரம் இந்த வாசிப்பை நடத்தி வருகிறோம். என் மாமியார், என் கணவர், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், நான்காம் வகுப்பில் படிக்கும் மகன், நான் என்று ஐந்து பேர் உட்காருகிறோம். தொடக்கத்தில் எங்களுக்கு வழி சொல்ல யாரும் இல்லாததால், இருப்பதிலேயே கடினமான நூலை முதலில் எடுத்துவிட்டு இரண்டே வாரத்தில் கைவிட்டோம். அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எதில் தொடங்குவது, எதை ஒதுக்கி வைப்பது, படித்ததை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பவற்றை நாங்கள் கண்ட வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: வாசிப்பு வேறு, வைத்தியம் வேறு

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே வீட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டும். நூலில் படித்த எந்த மருந்தையும் நாமே செய்து உட்கொள்வதில்லை, பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்பதே அந்த முடிவு. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதைப் பெரியவர்களே எழுதிக் கையொப்பமிடுவது நல்லது. ஏனெனில் பிள்ளைகள் இந்த விதியை மீறுவது அரிது. மீறுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே.

இதை நான் பொதுப்படையாகச் சொல்லவில்லை. என் சித்தப்பாவுக்கு ஒருமுறை கண்ணும் சிறுநீரும் மஞ்சளாயின. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பழைய நூல் ஒன்றிலும் அவ்வாறே இருந்தது. மூன்று வாரம் அரைத்துக் குடித்தார். பிறகு வயிற்றுவலி தாங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோதுதான், பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது தெரிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். இதில் கீழாநெல்லியின் மீது குற்றம் இல்லை. மஞ்சள் காமாலை என்பது ஓர் அறிகுறி; அதற்குக் கிருமியும் காரணமாகலாம், கல்லும் காரணமாகலாம், கட்டியும் காரணமாகலாம். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் சென்றிருந்தால் அவரும் முதலில் காரணத்தைத்தான் தேடியிருப்பார். நாங்கள்தான் நோயின் பெயரையும் செடியின் பெயரையும் நேராகப் பொருத்திவிட்டோம்.

நற்றிணையின் 136-ஆம் பாடலில் ஓர் உவமை வருகிறது. அரிய பிணி உற்றவர்க்கு ‘வேட்டது கொடாஅது, மருந்து ஆய்ந்து கொடுத்த அறவோன்’ என்று அந்தப் பாட்டு மருத்துவரைக் காட்டுகிறது. நோயாளி விரும்பியதைக் கொடுக்காமல், ஆராய்ந்து தக்கதைக் கொடுப்பவரையே அறவோன் என்கிறது அது. இந்த இரண்டு அடிகளை எங்கள் குறிப்பேட்டில் கையொப்பங்களுக்கு மேலே எழுதி வைத்திருக்கிறோம். யாருக்கேனும் உண்மையில் சிகிச்சை வேண்டுமானால், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும், தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் சித்தப் பிரிவு தனியாக இயங்குகிறது. சித்த மருத்துவப் பட்டமான பி.எஸ்.எம்.எஸ். என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு அதற்கு ஈடாகாது.

இரண்டாம் படி: அஞ்சறைப்பெட்டியிலிருந்து தொடங்குதல்

நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வாதம், பித்தம், கபம் என்று தொடங்கினால் எழுந்து ஓடிவிடும். அஞ்சறைப்பெட்டியை நடுவில் வைத்துவிட்டு, அதிலுள்ள சரக்குகளின் பெயரைச் சொல்லும் பாட்டை முதலில் எடுங்கள். காளமேகப் புலவரின் பெயரில் வழங்கும் இந்த வெண்பாவைப் போல அதற்குப் பொருத்தமானது வேறு இல்லை:

வெங்காயம் சுக்கானால் வெந்தயத்தால் ஆவதென்ன
இங்கார் சுமந்திருப்பார் இச்சரக்கை - மங்காத
சீரகத்தைத் தந்தீரேல் வேண்டேன் பெருங்காயம்
ஏரகத்துச் செட்டியாரே

மேலோட்டமாகப் பார்த்தால் இது மளிகைக் கடைக்காரரிடம் பேசும் பேச்சு. ஆனால் வெம்மையான காயம், அதாவது இந்த உடம்பு, சுக்குப்போல் வற்றிப்போன பிறகு வெந்த அயத்தால், அதாவது இரும்பைச் சுட்டுச் செய்த மருந்தால், என்ன பயன் என்று கேட்கிறார் புலவர். ‘சீர் அகம்’ என்ற வீடுபேற்றைத் தந்துவிட்டால் இந்தப் பெரிய காயமே வேண்டாம் என்கிறார். ஏரகத்துச் செட்டியார் என்பது சுவாமிமலை முருகன். இதை விளக்கியபோது என் மகன் அஞ்சறைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கினான். மருந்துச் சொல்லுக்குள் இன்னொரு பொருள் ஒளிந்திருக்கும் என்ற பழக்கம் அன்றே வந்துவிட்டது. பின்னால் சித்தர் பாடல்களின் மறைமொழியைச் சந்திக்கும்போது இந்தப் பழக்கம் மிகவும் உதவுகிறது.

அடுத்து, பதினெண்கீழ்க்கணக்கில் மருந்தின் பெயரைத் தாங்கிய மூன்று நூல்களை அறிமுகப்படுத்தலாம். சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி ஆகிய ஐந்தின் வேர்களும் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்குகளின் கூட்டு ஏலாதி. இங்கே புதியவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை மருத்துவ நூல்கள் அல்ல, அறநூல்கள். திரிகடுகத்தின் ஒவ்வொரு பாட்டும் மூன்று கருத்துகளைச் சொல்லும். ஏலாதியின் பாட்டு ஆறு கருத்துகளைச் சொல்லும். மருந்துச் செய்முறையைத் தேடி இவற்றை வாங்குவோர் ஏமாற்றமடைவர். ஆயினும் ஓர் அறநூலுக்கு ‘திரிகடுகம்’ என்று பெயர் வைத்தால் படிப்பவருக்கு உடனே புரியும் என்று நல்லாதனார் நம்பியிருக்கிறார் என்றால், அந்த மூன்று சரக்கும் அக்காலத்து வீடுகளில் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்காக மட்டும் ஒரு மாலை முழுவதும் சென்றது.

இதற்கிடையே ஒருநாள் பிள்ளைகளைப் பூங்கா நகர் ராசப்ப செட்டி தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் அது தொலைவில்லை. அங்குள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அரிசித் திப்பிலியையும் கண்டந்திப்பிலியையும் தனித்தனியாகக் கொஞ்சம் வாங்கி, ஒன்று காய், மற்றொன்று தண்டு என்று கையில் வைத்துப் பார்க்கட்டும். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் வாங்கினால் திரிபலை எது என்பது புத்தகம் இல்லாமலே தெரிந்துவிடும். கூட்டம் குறைந்த நேரத்தில் சென்றால் கடைக்காரர்களும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

மூன்றாம் படி: மருந்து அதிகாரம், பத்து வாரம்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதில் 941 முதல் 950 வரை பத்துக் குறள்கள் உள்ளன. வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே நாளில் பத்தையும் ஒப்பித்துவிட்டால் மதிப்பெண்ணுக்குப் பயன்படும், வாசிப்புக்குப் பயன்படாது. ஒவ்வொரு வாரமும் குறளை மூன்று முறை உரக்கப் படித்து, சீர் பிரித்து, பொருள் பேசி, அந்த வாரம் முழுவதும் வீட்டில் அது எங்கெல்லாம் நினைவுக்கு வந்தது என்பதை அடுத்த ஞாயிறு சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை என்பதை என் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பத்தில் ஆறு குறள்கள், 942 முதல் 947 வரை, சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று பார்த்து உண்க, அளவறிந்து உண்க, மாறுபாடில்லாத உணவை உண்க என்பனவே திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் குறளில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வருமிடத்தில்தான் சித்த மருத்துவத்தின் அடிப்படையை அறிமுகப்படுத்த வேண்டும். வளி, அழல், ஐயம் என்ற மூன்றும் உடம்பில் தம் அளவில் நிற்கும்வரை நலம். மிகுந்தாலும் குறைந்தாலும் நோய். வாதம், பித்தம், கபம் என்று வழக்கில் சொல்லப்படுபவை இவையே. மரபு உடம்பை எப்படிப் புரிந்துகொண்டது என்பதாக இதைச் சொல்லுங்கள். பள்ளி அறிவியல் பாடத்தோடு இதை வலிந்து பொருத்தி, வாதம் என்றால் நரம்பு, பித்தம் என்றால் கல்லீரல் என்றெல்லாம் சமன்பாடு போட வேண்டாம். அப்படிச் செய்தால் பிள்ளைக்கு இரண்டும் குழம்பிவிடும்.

948-ஆம் குறளில், ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்’ என்று வந்தபோது, சித்தப்பாவின் கதையை நான் மறுபடியும் சொன்னேன். நோய்முதலை நாடாமல் விட்ட குடும்பம் எங்களுடையது என்று பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்டது எனக்கு எளிதாக இல்லை. கடைசிக் குறள், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் என்று மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. நான்காவது ஆள் யார் என்று பேசும்போது என் மாமியார் அதுவரை இல்லாத உற்சாகத்தோடு பேசினார். இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவருக்கு நூலிலும் ஓர் இடம் உண்டு என்பது அவருக்கு நிறைவாக இருந்தது.

நான்காம் படி: சங்கப் பாடல்களில் மருத்துவக் காட்சிகள்

இதற்கு இரண்டு மாலை போதும். முதலாவது, பதிற்றுப்பத்தின் 42-ஆம் பாடல். பரணர் சேரன் செங்குட்டுவனைப் பாடிய பத்தில் இது உள்ளது. போரில் பட்ட நீண்ட புண்ணை வெள்ளூசியால் தைத்த தழும்புடைய வீரர்களைச் சொல்லவந்த புலவர், அந்த ஊசி மார்புக்குள் இறங்கி எழுவதை, மீனைத் தேடிக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிரல் பறவைக்கு ஒப்பிடுகிறார். சிரல் என்பது மீன்கொத்தி. ரெட்டேரிக் கரையிலோ மாதவரம் ஏரிக் கரையிலோ காலையில் சிறிது நேரம் பொறுமையாக நின்றால் மீன்கொத்தியைப் பார்க்கலாம். பாட்டைப் படித்த அடுத்த வாரம் நாங்கள் சென்றோம். பறவை சட்டென்று இறங்கி, நீரைத் துளைத்து, அதே வேகத்தில் மேலே வந்தபோது, ‘ஊசி, ஊசி’ என்று என் மகன் கத்தினான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு புலவர், தையல் போடும் கையையும் பறவையையும் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, புறநானூற்றின் 281-ஆம் பாடல். புண்பட்டுக் கிடக்கும் வீரனின் வீட்டில் இரவமரத் தழையோடு வேப்பந்தழையும் செருகி, யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்க, ஐயவி என்ற வெண்சிறுகடுகைத் தூவி, நறும்புகை எழுப்பி, காஞ்சிப் பண் பாடி அவனைக் காப்போம் என்று தோழியை அழைக்கிறாள் ஒரு பெண். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டும் நம் தெருப் பிள்ளைகளுக்கு இதில் வேம்பு எங்கே வருகிறது என்று யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: சித்தர் நூல்கள்

இங்குதான் பலர் தொடங்குகிறார்கள். இங்குதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அகத்தியர், போகர், தேரையர், யூகி என்று பெயர் பெற்றவர்களின் பாடல்கள் எளிய சந்தத்தில் இருப்பதால் புரிவதுபோல் தோன்றும். ஆனால் அவற்றில் பரிபாஷை எனப்படும் மறைமொழி நிறைந்திருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்வழியாக வந்த பொருள் வேறாக இருக்கும். அகராதிப் பொருளைக் கொண்டு அந்த வரியைப் புரிந்துகொண்டதாக நினைப்பது பிழை. அதோடு, அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்கள் எல்லாம் ஒரே அகத்தியர் எழுதியவை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். மொழிநடையை ஆராய்ந்தவர்கள் அவற்றில் பலவற்றைப் பிற்காலத்தவை என்றே கொள்கிறார்கள். பதினெண்சித்தர் பட்டியலும் நூலுக்கு நூல் மாறும். இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்துப் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மரபு என்பது பல கைகள் சேர்ந்து எழுதியது என்பது அதிலேயே விளங்கும்.

தொடக்கத்துக்கு ஏற்றது தேரையர் வெண்பா ஒன்று. உண்ணும்போது ‘மோர்பெருக்கி நெய்யுருக்கி’ உண்பவர்களின் பேரைச் சொன்னாலே பிணி போய்விடும் என்று அது முடிகிறது. மோரில் நீர் சேர்த்துப் பெருக்கு, நெய்யை உருக்கு என்பதைச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம். அதற்கு முன்னுள்ள சொல்லைச் சிலர் ‘நீர்சுருக்கி’ என்றும் சிலர் ‘நீர்கருக்கி’ என்றும் பாடுகிறார்கள். ஒன்று குடிக்கும் நீரின் அளவைக் குறைப்பது போலவும், மற்றொன்று நீரைக் காய்ச்சி வற்றவைப்பது போலவும் பொருள் தருகிறது. ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதும்போது ஓர் எழுத்து மாறினால் மருத்துவ அறிவுரையே மாறிவிடும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை. உணவுப் பொருள்களின் குணத்தை ஒவ்வொன்றாகச் சொல்லும் பதார்த்த குண சிந்தாமணியும் குடும்ப வாசிப்புக்கு ஏற்றது. அன்று வீட்டில் சமைத்த கீரையையோ மீனையோ அதில் தேடிப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த நூல்கள் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை; இல்லற உறவு பற்றிய பாடல்களும் இடையிடையே வரும். வாசிக்கப்போகும் பக்கங்களைப் பெரியவர் ஒருவர் முதல்நாளே பார்த்து வைப்பது அவசியம்.

பாடாணம் என்ற நச்சுக் கனிமங்கள், உலோகம், சுட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் பற்றிய பகுதிகளை முழுவதுமாக ஒதுக்கி வையுங்கள். இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. இரசம் எனப்படும் பாதரசமும் கந்தகமும் சுத்தி செய்யப்படும் முறைகள் தேர்ந்தவர்களின் கைக்கு உரியவை. மூலிகைப் பகுதியிலும் கவனம் தேவை. ஆடுதீண்டாப்பாளை பழைய நூல்களில் மருந்தாக வருகிறது. அந்தச் செடியினத்தில் உள்ள நச்சுப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுப்பது இன்று உறுதியாகத் தெரிந்துள்ளது. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு உயிரைப் பறிக்கும். நிறுத்தலளவையில் அடிக்கடி வரும் குன்றிமணியும் மென்றால் நஞ்சு. எனவே அதைப் படத்தில் காட்டுங்கள். சிறு பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

அளவைகளுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு குன்றிமணி எடை ஏறக்குறைய 130 மில்லிகிராம், ஒரு வராகனெடை 4.2 கிராம் அளவு, ஒரு பலம் 35 கிராம், ஒரு ஆழாக்கு 168 மில்லிலிட்டர், ஒரு உழக்கு 336 மில்லிலிட்டர் என்று இன்றைய சித்த மருத்துவ வழக்கில் கொள்ளப்படுகிறது. என் மாமியார் பரணிலிருந்து பழைய பித்தளை ஆழாக்கை எடுத்துவந்து கொடுத்தார். பிள்ளைகள் அதில் தண்ணீர் ஊற்றி அளவுக் குவளையில் சரிபார்த்தார்கள். கடினச் சொற்களுக்கு, காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே தி.வி. சாம்பசிவம் பிள்ளை தொகுத்த மருத்துவ அகராதி துணைசெய்யும். தனி ஒருவரின் வாழ்நாள் உழைப்பு எத்தகையது என்பதை அறியவேனும் அதன் ஒரு தொகுதியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய மருத்துவ நூல்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன; கைப்பேசியில் படித்துக் குறிப்பெடுக்கலாம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். அங்கே இல்லாதவற்றுக்கு எழும்பூரில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகம் இருக்கிறது. ஓலைச்சுவடியைக் கண்ணால் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு, கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைச் சொல்லுங்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

ஆறாம் படி: வடசென்னைக்குள் நடந்து பார்த்தல்

இந்த மரபு நம் பகுதிக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான் வள்ளலார் இளமை முதல் வாழ்ந்தார். ராசப்ப செட்டி தெருவில் உள்ள கந்தகோட்டத்தில் தெய்வமணிமாலையைப் பாடினார்; திருவொற்றியூருக்கு நடந்து சென்று வழிபட்டார்; 1858-இல் சென்னையை விட்டுச் சென்றார். கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் அன்றாட உணவில் சேர்க்கும்படி சொன்னவர் அவர். மூலிகைகளின் குணத்தைப் பட்டியலிட்டும் வைத்தார். சித்தர் பட்டியல் சிலவற்றில் இடம்பெறும் பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரை ஓரத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை நாட்டு மருந்துக் கடைகள், கந்தகோட்டம், ஏழுகிணறு என்று நடந்துவிட்டு, பேருந்தில் திருவொற்றியூர் சென்று கடற்காற்றில் உட்கார்ந்து இருவர் பாடல்களிலும் ஒவ்வொன்றை வாசித்துவிட்டுத் திரும்பலாம்.

செடிகளைப் பார்ப்பதும் இப்படியே. குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி, எருக்கு ஆகியவற்றைத் தேடி எங்கும் போக வேண்டாம். தண்டவாள ஓரத்திலும் இடிந்த சுவரடியிலும் அவை வளர்கின்றன. படம் வரையுங்கள், இலை அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள், பறித்துச் சமைக்காதீர்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டையும் மணலி ஆலைகளையும் எண்ணூர்ச் சாம்பலையும் சுமக்கிற மண் நம்முடையது. செடி தான் நின்ற மண்ணில் உள்ளதையே உறிஞ்சுகிறது. மூலிகை நல்லதா என்ற கேள்வியோடு, மண் நல்லதா என்ற கேள்வியும் இங்கே சேர்ந்தே எழும். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெயர்க் குழப்பத்தையும் அப்போதே காட்டிவிடலாம். வெண்மையான பூவுள்ள கரிசலாங்கண்ணி ஒரு செடி, மஞ்சள் பூவுள்ளது வேறொரு செடி. சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

ஏழாம் படி: நூலில் ஏறாத அறிவையும், அது யாருடையது என்பதையும் எழுதுதல்

ஏட்டில் எழுதியவர்களின் அறிவு மட்டும் நமக்கு வந்து சேரவில்லை. காசிமேட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். நம் தெருக்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தலைமுறை தலைமுறையாகப் புண்ணுக்குக் கட்டுப்போட்டும் பிரசவம் பார்த்தும் வந்த, மருத்துவர் என்ற சாதிப்பெயர் கொண்ட சமூகத்தை, தீட்டு என்று சொல்லி ஒதுக்கியவர்களும் அவர்களின் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளின் வயதுக்கு ஏற்ற சொற்களில் இதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ‘நம் முன்னோர் அறிவு’ என்று மட்டும் பெருமைப்பட்டால், அந்த முன்னோரில் யார் யார் விடுபட்டார்கள் என்பது தெரியாமல் போய்விடும்.

என் மகள் தன் ஆயாவிடம், ‘கஷாயத்துல ஏன் ஆயா கடைசியாத்தான் பனங்கற்கண்டு போடறீங்க?’ என்று கேட்டபோது, ‘எங்க அம்மா அப்படித்தான் போடுவாங்கமா, நானும் அப்படியே போடறேன்’ என்று மாமியார் சொன்னார். மகள் அந்த விடையை அப்படியே எழுதிக்கொண்டாள். காரணம் தெரியாத விடையும் ஒரு விடைதான். அதை நாமாகக் கற்பனை செய்து நிரப்பக் கூடாது.

பெரிய பிள்ளைகளோடு மேலும் மூன்று செய்திகளைப் பேசலாம். காயத்தை ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வழக்காடியதால் 1997-இல் அது நீக்கப்பட்டது. எழுதி வைத்த நூல் வழக்கிலும் சான்றாகும் என்பது இதில் தெரிகிறது. நூல் இல்லாதவர்களின் நிலை வேறு. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினர் காட்டில் களைப்பின்றி நடக்க ஆரோக்கியப்பச்சைச் செடியின் காயை உண்பதை 1987-இல் உடன் சென்ற அறிவியலாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானபோது, வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. நமக்கு அருகில், வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி முறிவு மருந்து செய்யப்படுகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பழைய நூலை எப்படி மதிப்பது என்பதற்கு ஒரு சீன எடுத்துக்காட்டையும் நாங்கள் வைத்திருக்கிறோம். மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ என்ற அறிவியலாளர், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ ஹோங் என்பவரின் மருத்துவ நூலில், ஒரு மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டார். கொதிக்கவை என்று அங்கே இல்லை. சூடு மருந்தைக் கெடுத்துவிடுகிறதோ என்று எண்ணிக் குறைந்த வெப்பத்தில் சாரம் எடுத்தார். பிறகு விலங்குகளிடமும் மனிதர்களிடமும் சோதித்து உறுதி செய்தார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூலை நம்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. சோதித்ததனால் நூலை ஒதுக்கிவிடவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் நின்று படித்தார்.

எட்டாம் படி: குறிப்பேடு

ஒரு நீளமான கணக்குப் பேரேடு வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடிடுங்கள். முதல் பத்தியில் வீட்டு வழக்கம், இரண்டாவதில் அது எந்த நூலில் எந்தப் பாட்டில் வருகிறது என்பது, மூன்றாவதில் யாரிடம் கேட்டோம், அவர் என்ன சொன்னார் என்பது. மூன்றாவது பத்தியில் சித்த மருத்துவர், அலோபதி மருத்துவர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் நாளும் ஆளும் குறிக்கப்பட வேண்டும். வாரம் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். தேர்வு நாட்களில் விட்டுப்போன வாரங்களை ஈடுகட்ட ஒரே நாளில் இரண்டு பாடல்களைத் திணிக்கவும் வேண்டாம். விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். எங்கள் பேரேட்டில் பனங்கற்கண்டு வரிசையின் நடுப்பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. அதற்கு நேரே மகள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.